புதுப் பெட்டி வந்ததிலிருந்து அம்மா டிவி போடுவதில்லை

கேள்வி: எங்கள் அம்மாவுக்கு 74 வயது. அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். அடுத்த வீட்டில் அத்தை. அவருக்கு 79, கண் பார்வை மங்கல். இருவருக்கும் பகலெல்லாம் டிவிதான் துணை. போன மாதம் கேபிள்காரர் பழைய செட்டாப் பாக்ஸைக் கழற்றிக்கொண்டு, ஃபைபர் வயர் இழுத்து, ஆண்ட்ராய்டு பாக்ஸ் வைத்துவிட்டுப் போனார். இனிமேல் எல்லோருக்கும் இதுதானாம். நான் லீவு போட்டுப் போய்ச் சொல்லிக் கொடுத்தேன். “சரி சரி, புரிஞ்சிருச்சு” என்றார் அம்மா. நான் கோவை வந்து சேர்ந்த மறுநாளே “படம் வரல” என்றார். இப்போது கேட்டால், “எனக்கு டிவியே வேணாம், கண்ணுக்கு ஆகல” என்கிறார். அப்படியே விட்டுவிடலாமா? அத்தைக்கு என்ன செய்வது? தெருவில் இதே நிலையில் இன்னும் நாலைந்து பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஏதாவது செய்ய முடியுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விட்டுவிடாதீர்கள். முதியோர் நலப் பணியில் நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இந்த ‘வேணாம்’. காது மெஷின் வேணாம், வாக்கர் வேணாம், டிவி வேணாம். பெரும்பாலும் அதற்குள்ளே இருப்பது, ‘நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன், கேட்டா சிரிப்பாங்க, எத்தனை தடவைதான் ஒருத்தரைக் கூப்பிடறது’ என்கிற கூச்சம். பழைய பெட்டி இருந்த வரைக்கும் அதே கண்ணால்தானே உங்கள் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்? கண்ணைப் பரிசோதித்துவிடுவது நல்லதுதான். ஆனால் இந்தக் காரணத்தை அவர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வதற்காகச் சொல்கிறார் என்றே நினைக்கிறேன்.

இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாக இருப்பவருக்கு டிவிதான் நேரம் காட்டுகிறது. காலையில் பக்திப் பாட்டு, மத்தியானம் ஒரு தொடர், ராத்திரிச் செய்தி முடிந்தால் மாத்திரை என்று நாள் நகர்கிறது. மறுநாள் அத்தையிடம் திண்ணையில் பேச ஒரு கதையும் கிடைக்கிறது. அது நின்றுபோனால் சாப்பாட்டு வேளை தள்ளிப்போகும், பகலில் தூக்கம், ராத்திரியில் விழிப்பு. மாத்திரை தவறுவதும் அதிலிருந்துதான் தொடங்கும். போனில் பேசும்போது, டிவி வருகிறதா என்பதோடு, மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்றும் கேளுங்கள்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது முதல் மாற்றமும் இல்லை. மொட்டைமாடி ஆன்டெனாவைத் திருப்பிப் பார்த்த தலைமுறை அது. 2006-ல் தொடங்கிய அரசின் இலவச கலர் டிவி பல குடிசைகளில் முதல் டிவி. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. அதே ஆண்டு மத்திய அரசு கேபிள் சட்டத்தைத் திருத்தி, வயரில் வருவதெல்லாம் டிஜிட்டலாக வேண்டும் என்றது. நான்கு கட்டமாக நடந்த வேலையில் சென்னை உள்ளிட்ட பெருநகரங்கள் முதலில் வந்தன. கிராமங்களுக்குக் கடைசிக் கெடு 2017 மார்ச் 31. அந்த ஆண்டு செப்டம்பரில் அரசு கேபிளின் இலவச செட்டாப் பாக்ஸ் வந்தது. 2019 பிப்ரவரியில், எந்தச் சேனல் வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் முறை. இப்போது வயரே மாறி இன்டர்நெட் வழியாகப் படம் வருகிறது. ஒவ்வொரு தடவையும் கெடு தேதி சொன்னார்கள், கட்டணம் சொன்னார்கள். ஒரு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட வேண்டியது யார் பொறுப்பு என்று மட்டும் எங்கும் எழுதி வைக்கவில்லை. அந்த வேலை உங்களைப் போன்ற பிள்ளைகள் தலையில் விழுந்தது.

இன்னொன்றும் மாறியிருக்கிறது, அதை அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெட்டி இல்லாமல் வயரை நேராக டிவியில் சொருகிய பழைய அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகும், ஆனால் குரல் கேட்கும். டிவியை ஒரு தட்டுத் தட்டினால், வயரை ஆட்டினால் சரியாகும். டிஜிட்டலில் சிக்னல் கொஞ்சம் குறையும்வரை படம் பளிச்சென்று இருக்கும். அதற்கும் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து, அப்படியே நின்று, இருண்டுவிடும். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ இரண்டு வார்த்தை. இத்தனை வருடமாகக் கை வைத்தியம் பார்த்துப் பழகியவருக்கு இப்போது வைத்தியமே இல்லை. கை வைக்கவே பயப்படுகிறார்.

அடுத்த முறை ஊருக்குப் போனால், சொல்லிக் கொடுக்க ஆரம்பிக்கும் முன் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பாருங்கள். ராத்திரி படுக்கப் போகும்போது அம்மா என்ன செய்கிறார்? நான் போகிற பல வீடுகளில், இடி மின்னலுக்கும் கரண்ட் பில்லுக்கும் பயந்து எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் படுப்பார்கள். பழைய பெட்டிக்கு அது ஒன்றும் செய்யவில்லை. புதுப் பெட்டிக்கோ இன்டர்நெட் தரும் மோடம் ஒன்று தனியாக ஓட வேண்டும். காலையில் டிவியையும் பெட்டியையும் மட்டும் சொருகுவார், மோடம் பிளக் சுவரோரம் தொங்கும். ‘இணைப்பு இல்லை’ என்று வரும். அல்லது மூன்றையும் சொருகியிருப்பார், மோடம் உயிர் பெற இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதற்குள் பொறுமை போய் ரிமோட்டில் கண்டதையும் அமுக்கியிருப்பார். நீங்கள் ஊரில் இருந்தபோது பிளக்கை யாரும் பிடுங்கியிருக்க மாட்டீர்கள். கிளம்பிய மறுநாளே ‘வரல’ என்றதற்கு என் முதல் சந்தேகம் இதுதான்.

பிளக்கைப் பிடுங்காதே என்று சண்டை போடாதீர்கள், அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. மூன்று பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி, அதன் பிளக் ஒன்றை மட்டும் சுவரில் அவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். ராத்திரி ஒன்றைப் பிடுங்கினால் போதும், காலையில் ஒன்றைச் சொருகினால் போதும். “சொருகிட்டு, போய்க் காபி குடிச்சுட்டு வந்து ரிமோட்டை எடு” என்று சொல்லிவையுங்கள்.

அப்படியே பெட்டி இருக்கும் இடத்தையும் பாருங்கள். தூசி விழாமல் இருக்கப் பூ வேலை செய்த துணியோ பழைய துண்டோ போர்த்தியிருப்பார். பல ரிமோட்டுகள் நேராகப் பெட்டியைப் பார்த்தால்தான் வேலை செய்யும், துணி மறைத்தால் செய்யாது. பெட்டி சூடாகித் தானாக நிற்பதும் உண்டு. துணியை டிவியின் தலையில் போட்டுக்கொள்ளட்டும், பெட்டியின் முகம் திறந்திருக்கட்டும்.

இனி ரிமோட். வயதானவர்கள் தோற்றுப்போவது பெரும்பாலும் இங்கேதான். ஒன்று டிவிக்கு, ஒன்று பெட்டிக்கு. டிவி ரிமோட்டில், படம் எந்த வயரிலிருந்து வர வேண்டும் என்று மாற்றும் ‘இன்புட்’ பட்டன் ஒன்று இருக்கும். தெரியாமல் அதில் விரல் பட்டால் படம் போய்விடும், பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் திரும்பாது. ஆகவே டிவி ரிமோட்டைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுவதுதான் என் வழக்கம். பல செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுகளுக்கு டிவி ரிமோட்டின் பவர், சவுண்ட் பட்டன்களைக் ‘கற்றுக்கொள்ளும்’ வசதி இருக்கிறது. இரண்டையும் எதிரெதிரே வைத்துச் செய்கிற வேலை, கேபிள்காரருக்குத் தெரியும். பெட்டியைப் போட்டால் டிவியும் தானாகப் போட்டுக்கொள்கிற அமைப்பு எச்டிஎம்ஐ வயரில் இணைத்த பல டிவிகளில் உண்டு. பெட்டி எழுந்ததும் ஆப்புகள் (செயலிகள்) வரிசையாக நிற்கும் பக்கத்துக்குப் போகாமல் நேராகச் சேனலுக்கே போகும்படி வைக்க முடிகிற பெட்டிகளும் இருக்கின்றன. இந்த மூன்றையும் கேபிள்காரரை உட்காரவைத்துச் செய்து வாங்குங்கள். செய்து முடிக்காமல் அனுப்பாதீர்கள்.

அப்புறம் பொட்டு. கடையில் விற்கும் ஸ்டிக்கர் பொட்டுதான். பவருக்கு ஒரு பெரிய சிவப்புப் பொட்டு, சேனல் மாற்றும் இரண்டு பட்டனுக்குப் பச்சை, சவுண்டுக்கு மஞ்சள். கொஞ்சம் மேடான கல் வைத்த பொட்டாக இருந்தால் இருட்டிலும் விரலுக்குத் தெரியும். பொட்டை விரும்பாத பெரியவர்களுக்கு பிளாஸ்திரியை வெட்டி ஒட்டுங்கள். எண் பட்டன்களைத் தவிர மீதிப் பட்டன்களைக் காகிதம் வைத்து மேலே டேப் ஒட்டி மூடிவிடலாம். ஆப்புகளைத் திறக்கும் குறுக்குவழிப் பட்டன்களைக் கட்டாயம் மூடுங்கள். அவர் பார்க்கும் ஐந்தாறு சேனலின் எண்களை மட்டும் மார்க்கரில் பெரிதாக எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கும் பஸ் நம்பரும் போன் நம்பரும் தெரியும், எண்ணைப் பார்த்து அமுக்கிவிடுவார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அந்தச் சேனலின் சின்னத்தை வரைந்து வையுங்கள்.

இப்போது பழக்குவது. நீங்கள் சொல்லிக் கொடுத்தபோது ரிமோட் யார் கையில் இருந்தது? உங்கள் கையில் இருந்திருந்தால் அம்மா பார்த்தது ஒரு வேடிக்கை. ‘சரி சரி, புரிஞ்சிருச்சு’ என்பது, ‘போதும்மா, நீ சிரமப்படாதே’ என்பதற்கு நம் அம்மாக்கள் சொல்கிற வார்த்தை. இந்த முறை ரிமோட் அவர் கையிலேயே இருக்கட்டும், உங்கள் கை மடியில் இருக்கட்டும். பட்டனைத் தேட அரை நிமிடம் ஆனாலும் பொறுங்கள், விரலைப் பிடித்து வைக்காதீர்கள். பேரப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் ஜாக்கிரதை, “குடு அப்பாயி” என்று பிடுங்கி ஒரு நொடியில் சரிசெய்துவிடும். அந்த ஒரு நொடியில் ஒரு வாரம் பழகியது போய்விடும்.

ஒரு உட்காரலில் ஒரே ஒரு வேலை. முதல் நாள் போடுவதும் அணைப்பதும் மட்டும், அதையே திரும்பத் திரும்ப. அடுத்த நாள் அவருக்குப் பிடித்த தொடர் வரும் சேனலுக்குப் போவது. பாடமாக இல்லாமல் தொடர் ஆரம்பிக்கும் நேரத்திலேயே செய்தால் மனதில் நிற்கும். மூன்றாவதுதான் முக்கியமானது, பலர் இதைச் சொல்லித் தருவதே இல்லை: வழி தவறிப் போய்த் திரும்பி வருவது. வேண்டுமென்றே அவரை எதையாவது அமுக்கச் சொல்லுங்கள். திரையில் என்னென்னவோ வரட்டும். “ஒண்ணும் கெடல, இப்ப பொட்டை அமுக்கி அணைச்சுட்டு, திரும்பப் போடும்மா” என்று சொல்லுங்கள். படம் திரும்ப வருவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். தன் கையால் கெடுத்து தன் கையாலேயே சரிசெய்த பிறகுதான் அந்தப் பயம் விடும். அதற்கப்புறம் அவரே ஒவ்வொரு பட்டனாகச் சோதித்துப் பார்த்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். கிளம்பும் முன் பொட்டு வைத்த ரிமோட்டை உங்கள் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோவையிலிருந்து “கீழ இருக்கிற பச்சையை அமுக்கும்மா” என்று சொல்ல உதவும். ஒரு மாதம் கழித்து மறுபடி போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

ரீசார்ஜ் பற்றி ஒரு வார்த்தை. பழைய நாளில் கேபிள் பையன் மாதாமாதம் வாசலுக்கு வந்து பணம் வாங்குவான். “தம்பி, அந்தச் சேனல் சரியா வரல, ஒரு நிமிஷம் பாரு” என்று சொல்ல அதுதான் நேரம். இப்போது நீங்கள் செல்போனிலேயே கட்டிவிடுகிறீர்கள், அவன் வருவதில்லை. நீங்கள் ஒரு நாள் மறந்தால் படம் நிற்கும், அம்மா தன்னால்தான் கெட்டது என்று நினைத்துக்கொள்வார். முடியுமானால் ஆன்லைனில் கட்டுவதை விட்டுவிட்டு, நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வரும்போது டிவியைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், அதற்கென்று ஏதாவது கொடுத்தாலும் தகும்.

கூடவே அம்மாவிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது: “பாக்ஸ் கட் ஆகப் போகுது, ஓடிபி சொல்லுங்க” என்று யார் போன் செய்தாலும் வைத்துவிட வேண்டும். கேபிளுக்காக வங்கி விவரத்தையோ போனுக்கு வரும் எண்ணையோ போனில் யாரிடமும் சொல்ல வேண்டியதே இல்லை. ஒருவேளை சொல்லிப் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

அத்தை விஷயம் வேறு. அவருக்குப் பழக்குவதற்கு முன் கண்ணைப் பார்த்தாக வேண்டும். மங்கல் என்கிறீர்கள், அது புரையாக இருந்தால் அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் நல்ல பார்வை கிடைக்கும், அரசு மருத்துவமனையில் இலவசம். புதுப் பெட்டியின் மெனுவில் சாம்பல் நிறத்தின் மேல் வெள்ளையில் பொடி எழுத்து, நல்ல கண்ணுக்கே சிரமம். புரை உள்ள கண்ணுக்கு ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டால் ஒன்றுமே தெரியாது. டிவியை ஜன்னலுக்கு எதிரே வைத்திருந்தால் நகர்த்துங்கள், நாற்காலியை நன்றாகக் கிட்டே போடுங்கள். கிட்டே உட்கார்ந்தால் கண் கெடும் என்று அவர் மறுப்பார், அந்த வயதில் அப்படி எதுவும் ஆகாது. காதும் மந்தம் என்றால் பல தட்டை டிவிகளின் ஸ்பீக்கர் பின்பக்கமோ கீழேயோ பார்த்து இருப்பது இன்னொரு தொல்லை. ஒரு சின்ன ஸ்பீக்கரை வயரில் இழுத்து நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தால் தெருவுக்கே கேட்கும்படி சவுண்ட் வைக்க வேண்டியிருக்காது. காது மெஷின் தேவைப்பட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், தகுதி உள்ளவர்களுக்கு இலவசமாகவே தருகிறார்கள்.

அத்தைக்குப் புதுப் பெட்டி தேவைதானா என்றும் யோசியுங்கள். ‘இனி எல்லோருக்கும் இதுதான்’ என்பது அந்த ஆபரேட்டரின் முடிவு. பக்கத்தில் வேறு கேபிள்காரர் இருக்கலாம், டிடிஎச் போடலாம். சாதாரண டிடிஎச் பெட்டிக்கு மோடம் வேண்டாம், ஆப்பு வேண்டாம். செய்தியும் பாட்டும் போதும் என்றால் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிஷ்ஷுக்கும் பெட்டிக்கும் ஒருமுறை செலவு, மாதக் கட்டணம் கிடையாது. டிடி தமிழ் வரும், ஆனால் கட்டணச் சேனல்களின் தொடர்கள் வராது. அதைச் சொல்லிவிட்டு அத்தையையே முடிவெடுக்க விடுங்கள். ஞாபக மறதி தொடங்கியிருக்கும் பெரியவர் தெருவில் யாராவது இருந்தால் அவருடைய பழைய பெட்டியையும் பழைய ரிமோட்டையும் எப்பாடுபட்டாவது காப்பாற்றுங்கள். புதிதாக ஒன்றைப் பழகும் சக்தி அவரிடம் இருக்காது.

தெருவுக்கே செய்ய முடியுமா என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விக்கு நன்றி. அமெரிக்காவில் 2009-ல் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியபோது, பழைய டிவியில் புது ஒளிபரப்பு தெரிவதற்கான பெட்டி வாங்க வீட்டுக்கு இரண்டு வரை 40 டாலர் கூப்பன் கொடுத்தார்கள். அதற்கான பணம் தீர்ந்து, விண்ணப்பித்தவர்கள் வரிசையில் காத்திருக்க, பிப்ரவரி 17 என்று சொன்ன கெடுவை ஜூன் 12-க்குத் தள்ளினார்கள். பிரிட்டன் கூப்பனோடு நிற்காமல் ஆளை அனுப்பியது. 2007 அக்டோபரில் வைட்ஹேவன் என்ற சிறிய துறைமுக ஊரில் தொடங்கி, 2012 அக்டோபரில் வடக்கு அயர்லாந்தில் முடியும்வரை, பகுதி பகுதியாக மாற்றினார்கள். 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், கடுமையான உடற்குறை உள்ளவர்கள், பார்வையற்றவர்கள், முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள் ஆகியோருக்குத் தனித் திட்டம். 40 பவுண்டு கட்டினால் போதும், அரசு உதவித்தொகையில் வாழும் ஏழைகள் பலருக்கு அதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பொருத்தி, இயக்கிக் காட்டி, அதன் பிறகு ஒரு வருடம் சந்தேகம் கேட்க வழியும் வைத்தார்கள். செலவு, அங்கே டிவி பார்ப்பவர்கள் கட்டும் லைசென்ஸ் கட்டணத்திலிருந்து வந்தது.

அந்தப் பணம் நம் தெருவில் இல்லை. ஆனால் வந்து பொருத்துவது, இயக்கிக் காட்டுவது, பிறகும் வருவது என்ற மூன்றையும் நம்மால் செய்ய முடியும். மகளிர் சுயஉதவிக் குழுவில் விஷயம் தெரிந்த ஒருவரையும், பிளஸ் ஒன் படிக்கும் பொறுமையான ஒரு பிள்ளையையும் பிடியுங்கள். பிள்ளை கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்பதில்லை, ரிமோட்டைப் பிடுங்காதவனாக இருந்தால் போதும். ஆளுக்கு இரண்டு வீடு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பொட்டு, பெரிய எழுத்தில் சேனல் எண் எழுதிய அட்டை. அந்தந்த வீட்டுக்கு அந்தந்த ஆளே போகட்டும், ஆள் மாறினால் கூச்சம் திரும்ப வந்துவிடும். பஞ்சாயத்துக்குக் கேபிள் கம்பெனி மேல் அதிகாரம் கிடையாது. ஆனாலும் ஆபரேட்டர் உள்ளூர்க்காரர்தானே? கிராம சபையில் எழுந்து, ‘பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் பெட்டி மாற்றும் முன் பிள்ளைகளுக்கு ஒரு போன் செய்யுங்கள், ஒரு வாரம் கழித்து ஒரு தடவை எட்டிப் பாருங்கள்’ என்று கேளுங்கள். ஊர் முன்னால் கேட்டால் மறுக்க மாட்டார். தெருவில் பிள்ளைகளே இல்லாத பெரியவர் யாராவது இருந்தால், டிவியைத் தாண்டியும் அவருக்கு உதவி தேவைப்படலாம். முதியோர் உதவி எண் 14567 என்று அவருடைய அட்டையின் அடியில் எழுதி வையுங்கள்.

அம்மாவுக்கு இந்த வாரமே செய்யக்கூடியது எக்ஸ்டென்ஷன் பாக்ஸும், கேபிள்காரர் பெட்டி ரிமோட்டைச் சரிசெய்த பிறகு டிவி ரிமோட்டை எடுத்து வைப்பதும். பக்கத்து வீட்டில் யாரிடமாவது சொல்லியே செய்துவிடலாம், பழக்குவது நீங்கள் நேரில் போகும்போது. அத்தையைக் கண் டாக்டர் பார்த்த பிறகு அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அதை வைத்து அவருக்கு எந்த இணைப்பு சரிவரும் என்று சொல்கிறேன்.